அத்தாவின் சன்னலும் ஒரு மண்குளவியும்



சென்ற கோடையில், கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், எங்கள் வீட்டில் ஒரு சிறு பிணக்கு உண்டானது. தேனாம்பேட்டையில், அண்ணா சாலையின் இரைச்சலிலிருந்து இரண்டு தெருக்கள் உள்ளே தள்ளியிருக்கும் பழைய குடியிருப்பு ஒன்றின் முதல் மாடியில் வசிக்கிறோம். அத்தாவின் அறையில் கிழக்குப் பார்த்த மரச் சன்னல் ஒன்று உண்டு. அதன் இடக் கதவைப் பகலில் சாத்தவே கூடாது என்று அத்தா சொல்லிவிட்டார்கள். சன்னல் திறந்திருந்தால் ஏசி போட இயலாது. 78 வயதில், இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்ணும் ஒருவர், மே மாதச் சென்னையில் வெறும் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

"இந்த வெயில்ல உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் என்ன செய்வேன்?" என்றேன்.

"அது வந்து போகணும்ல தாயி" என்று சன்னல் சட்டத்தின் மேல்மூலையைக் காட்டினார்கள்.

அங்கே விரற்கடை அளவில் ஈரம் காயாத ஒரு மண்குழல் ஒட்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குளவி உள்ளே வந்தது. கறுத்த உடல், கால்களில் மஞ்சள், மார்பையும் வயிற்றையும் இணைக்கும் இடை, நூல் போல் நீண்டு மஞ்சளாயிருந்தது. வாயில் மிளகளவு மண்ணுருண்டை. குழலின் விளிம்பில் அதை வைத்து, உடலை அதிரவைத்து ரீங்கரித்தபடி வளையமாக இழைத்துப் பூசிவிட்டு, வந்த வழியே பறந்து போயிற்று. மண் எங்கிருந்து வருகிறது என்பதை அத்தா முன்னமே கண்டுபிடித்திருந்தார்கள். மாடி வீட்டு ஏசியின் வடிநீர் சொட்டி, கீழே வேப்பமரத்தடி நனைந்திருக்கிறது. தெருவெங்கும் சிமெண்டும் கல்லும் பாவிவிட்ட இந்நகரில், கோடையில் ஈரமண் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான்.

என் கணவர் காவலாளியை அழைத்துக் கூட்டைச் சுரண்டிவிடலாம் என்றார். நானும் இசைந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்போது அத்தா ஒரு ஹதீஸை நினைவூட்டினார்கள். முற்கால நபி ஒருவரை ஓர் எறும்பு கடிக்க, அவர் அந்த எறும்புப் புற்றையே எரிக்கச் செய்தார். கடித்தது ஓர் எறும்பு, நீர் அழித்ததோ இறைவனைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தை என்று அல்லாஹ் அவரைக் கண்டித்தான் என்பது அதன் செய்தி. "இது இன்னும் யாரையும் கடிக்கக்கூட இல்லையே" என்றார்கள். பேச்சு அத்துடன் முடிந்தது. லுஹர் முதல் அஸர் வரை அத்தா எங்கள் அறைக்கு வந்து ஏசியில் இருப்பது, மற்றப் பொழுதில் சன்னல் திறந்திருப்பது என்று உடன்பாடு ஏற்பட்டது.

*

பரமக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில், வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் தொட்டில் ஆடும் என்பார்கள். பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளைகளின் தாடையில் குளவிக்கூட்டு மண்ணைக் குழைத்துப் பூசுவார்கள். எனக்கும் பூசியிருக்கிறார்கள். அது மருந்தல்ல என்பதை இன்று அறிவோம்; ஆயினும் அந்த மண்ணின் குளிர்ச்சி இன்னும் நினைவிலிருக்கிறது. குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து கூட்டில் வைத்துக் கொட்டிக் கொட்டி, அதைத் தன்னைப்போலவே ஒரு குளவியாக ஆக்கிவிடுகிறது என்ற நம்பிக்கையும் தமிழில் பழமையானது. குருவின் தொடர்பால் சீடன் மாறுவதற்கு அதை உவமையாகச் சொல்வதுண்டு.

அந்த நம்பிக்கை கண்ணால் கண்டதிலிருந்தே பிறந்திருக்க வேண்டும். உள்ளே போவது வேறோர் உயிர், வாய் அடைபடுகிறது, சில வாரங்கள் கழித்து வெளியே வருவது குளவி. இடையில் நடப்பது மட்டும் மண்சுவருக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது.

இந்த இனத்தின் வாழ்க்கையை இன்று நாம் அறிவோம். இது சிலந்திகளை மட்டுமே வேட்டையாடும் மண்குளவி. கூட்டமாக வாழாது, அரசியும் இல்லை, படையும் இல்லை. ஒவ்வொரு பெண்குளவியும் தனியாகவே கட்டி, தனியாகவே வேட்டையாடும். கூட்டைக் காக்கும் பழக்கம் இல்லாததால், கையால் பிடித்து நசுக்கினாலொழிய மனிதரைக் கொட்டுவது அரிது. ஒரு குழல் முடிந்ததும் அது செடிகளிலும் சுவர்களிலும் சிலந்தி தேடும். கொட்டும்போது செலுத்தும் நஞ்சு சிலந்தியை உடனே கொல்வதற்கன்று, செயலிழக்கச் செய்வதற்கே. சில இறந்துபோகலாம், பல உயிருடன், அசைய மாட்டாமல் கிடக்கும். இறந்த சிலந்தி இந்த வெயிலில் விரைவில் கெட்டுவிடும், உயிருள்ளது கெடாது. முதலில் வைத்த சிலந்திகளுள் ஒன்றின்மேல் ஒரேயொரு முட்டையை இட்டு, குழல் நிறையும்வரை மேலும் சிலந்திகளைக் கொண்டுவந்து திணித்து, வாயை மண்ணால் அடைத்துவிடும். அடுத்து அதன் பக்கத்திலேயே இன்னொரு குழல். முட்டையிலிருந்து வரும் புழு, சேர்த்துவைத்த சிலந்திகளை ஒவ்வொன்றாக உண்டு வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, இறுதியில் குளவியாக மண்சுவரைக் கடித்துத் துளைத்து வெளியே வரும். சிலந்திகளை வேட்டையாடும் வேறொரு குளவிக் குடும்பம் நிலத்தில் வளை தோண்டி, ஒரு பிள்ளைக்கு ஒரு பெரிய சிலந்தி என்று வைக்கும். நம் சன்னலுக்கு வருவதோ சிறு சிலந்திகளைப் பல எண்ணிக்கையில் சேர்ப்பது. இத்தனையும் பிள்ளைக்குத்தான். தாயின் உணவு பெரும்பாலும் மலர்த்தேன்.

இதன் அறிவியற்பெயரில் நம் ஊரின் பெயரே இருக்கிறது என்றறிந்தபோது வியந்தேன். ஸ்கெலிஃப்ரான் மதராஸ்படானம். மதராசப்பட்டினத்தின் பெயரை இதற்குச் சூட்டியவர் டென்மார்க் நாட்டுப் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ்; ஆண்டு 1781. அக்காலத்தில் நம் கடற்கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் பூச்சிகளை அனுப்பியவர்களுள் ஒருவர் கேனிக் என்ற மருத்துவர். 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த அவர், 1774 முதல் சில ஆண்டுகள் ஆர்க்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகப் பணியாற்றினார். அவர் சேகரித்தவை பலவற்றை ஃபப்ரீசியஸ் விவரித்து எழுதினார். ஆக, நம் வீட்டுச் சன்னலில் கூடு கட்டும் இந்தச் சிற்றுயிர், ஜப்பான்வரை பரவியிருந்தாலும், எங்கு சென்றாலும் சென்னையின் பெயரைச் சுமந்தே செல்கிறது.

*

அத்தா, என் மகளின் பழைய குறிப்பேடு ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். தம்மாமில் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் 23 ஆண்டுகள் சரக்குக் கணக்கு எழுதியவர்கள். எதையும் எழுதிவைக்காமல் இருக்க மாட்டார்கள். கட்டம் கட்டி, தேதியிட்டு, மண் எத்தனை முறை, சிலந்தி எத்தனை என்று வரிசையாகக் குறித்தார்கள். ஒரு குழலுக்கு 31 முறை மண் வந்தது. அதே குழலுக்குள் 14 சிலந்திகள் போயின. "வரவு மட்டுந்தான் இருக்கு, செலவே இல்ல" என்று சிரித்தார்கள்.

ஒருநாள் குளவி கொண்டுவந்த சிலந்தி ஒன்று தவறி, சன்னல் திண்டில் விழுந்தது. குளவி அதைத் தேடவில்லை. வேறு பிடிக்கப் போய்விட்டது. ஒன்பது வயதான என் மகள் அதை ஒரு காகிதத்தில் ஏந்தி என்னிடம் கொண்டுவந்தாள். பச்சை நிறச் சிறு சிலந்தி. இறந்துவிட்டது என்று நினைத்தோம். மாலையில் பார்க்கும்போது ஒரு கால் நுனி மட்டும் மெல்ல அசைந்தது. மறுநாளும் அசைந்தது. அவள் அழுதுவிட்டாள்.

"சிலந்தி நம்ம நபிக்கு உதவி செஞ்சுச்சுன்னு நன்னா சொன்னாங்களே. அப்புறம் ஏன் அல்லாஹ் அதைக் குளவிக்குக் கொடுத்தான்?"

நம் வீடுகளில் சிலந்தியைக் கொல்லாமைக்குக் காரணம் அந்தக் குகைதான். ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் தவ்ர் குகையில் தங்கியிருக்க, வாயிலில் சிலந்தி வலை பின்னியதால் எதிரிகள் திரும்பிவிட்டார்கள் என்று கேட்டு வளர்ந்தோம். குர்ஆனில் குகை உண்டு. சிலந்தி அங்கே சொல்லப்படவில்லை. வலையின் செய்தி அறிவிப்புகளில் வருவது; அதன் தொடரைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இதை என் மகளிடம் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டது வரலாற்றைப் பற்றிய கேள்வி அன்று.

அவள் வயதுக்கு மிஞ்சிய கேள்வியும் அன்று. 1860இல் சார்லஸ் டார்வின் தம் நண்பருக்கு எழுதிய ஒரு கடிதத்தில், கம்பளிப்புழுவின் உயிருள்ள உடலையே உண்டு வளரும் ஒருவகைக் குளவிகளைச் சுட்டி, கருணையுள்ள இறைவன் இவற்றை எண்ணிப் படைத்திருப்பான் என்று நம்பத் தம்மால் இயலவில்லை என்றார். காகிதத்தில் ஒரு சிலந்தியை ஏந்தி நின்ற என் பிள்ளையும் அதே இடத்தில்தான் நின்றாள்.

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். சிலந்தியின் வீடே பலவீனமான வீடு என்று அதன் பெயரைத் தாங்கிய அத்தியாயம் கூறுகிறது. அந்தப் பலவீனமான வீடும் ஈக்கும் கொசுவுக்கும் ஒரு கண்ணிதான். சிலந்தியும் தன் இரையைக் கடித்து, நூலால் சுற்றிவைத்துப் பின்பு உண்கிறது. பூமியில் ஊர்ந்து திரியும் எந்த உயிருக்கும் உணவளிப்பது அல்லாஹ்வின் பொறுப்பு என்று நாம் ஓதுகிறோம். ஆனால் அந்த ரிஸ்க் வானத்திலிருந்து தட்டில் வருவதில்லை. ஓர் உயிரிலிருந்தே மற்றோர் உயிருக்கு வருகிறது. குளவி சிலந்தியை வெறுத்துப் பிடிக்கவில்லை, விளையாட்டுக்கும் பிடிக்கவில்லை. தேனீக்கு வீடமைக்கக் கற்றுக்கொடுத்ததை அல்லாஹ் வஹீ என்னும் சொல்லாலேயே குறிப்பிடுகிறான். குளவிக்கும் அதன் வேலையைக் கற்றுக்கொடுத்தவன் அவனே.

"அப்போ நாமளும் அப்படிச் செய்யலாமா?" என்றாள்.

கூடாது என்றேன். குளவிக்குக் கேள்வி கணக்கு இல்லை, நமக்கு உண்டு. உண்பதற்காக அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு வேதனை தராதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். இயற்கையில் நடக்கிறது என்பதால் ஒன்று நமக்கு ஆகுமானதாகிவிடாது. அந்தச் சிலந்தி என்ன உணர்கிறது, இந்த ஏற்பாடு ஏன் இப்படி என்ற கேள்விக்கு மட்டும், "எனக்குத் தெரியாதும்மா" என்றேன். அவளுக்கு அது நிறைவளிக்கவில்லை, எனக்கும்தான். சிலந்தியை வேப்பமரத்தடியில் ஓர் இலையின்மேல் வைத்துவிட்டு வந்தாள்.

*

மே மாத இறுதியில் ஐந்தாம் குழலும் அடைபட்டது. அடுத்த இரண்டு நாட்கள் குளவி மண் மட்டுமே கொண்டுவந்து, ஐந்து குழல்களுக்கும் மேலாகப் பூசி, எல்லாம் ஒரே மண்கட்டியாகத் தோன்றும்படி செய்தது. மூன்றாம் நாள் அது வரவில்லை. நான்காம் நாளும் வரவில்லை.

நான் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோனபோது அத்தா குறிப்பேட்டை மூடிவைத்திருந்தார்கள்.

"அடைச்சிட்டுப் போயிட்டா. இனி வரமாட்டா. பிள்ளை எப்படியிருக்குன்னுகூட அவளுக்குத் தெரியாது" என்றார்கள். பிறகு, "கேம்ப்ல என் ரூம் சன்னல்லயும் ஒண்ணு இப்படித்தான் கட்டுச்சு. வெள்ளிக்கிழமையெல்லாம் அதையேதான் பார்த்துக்கிட்டுக் கிடப்பேன்" என்றார்கள்.

மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்கு வந்தேன். வெகுநேரம் எந்த வேலையும் ஓடவில்லை.

1981இல் அத்தா பயணம் போனபோது எனக்கு இரண்டு வயது. முதல் விடுப்பில் அவர்கள் வந்தபோது நான்கு வயது. வாசலில் பெட்டிகளோடு நின்றவரைப் பார்த்து, "அம்மா, யாரோ ஒரு மாமா வந்திருக்காங்க" என்று நான் கத்தியதாக அம்மா பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறை, இரண்டு மாதங்கள். பால்மாவு டப்பா, கோடாலித் தைலம், கம்பளி, அத்தர். மாதம் தவறாமல் பணம். இடையிடையே குரல் பதிவு செய்த ஒலிநாடா. அதில் எல்லாருடைய பெயரையும் வரிசையாகச் சொல்லி சலாம் கூறி, ஒழுங்காகத் தொழுங்கள், படியுங்கள் என்று முடிப்பார்கள். பத்தாம் வகுப்பில் நான் பள்ளியில் முதலாவதாக வந்தபோது அவர்கள் இல்லை. அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது இல்லை. என் நிக்காஹுக்கு மூன்று வார விடுப்பில் வந்து, வலீமா முடிந்த வாரமே திரும்பினார்கள். 2004இல் அவர்கள் நிரந்தரமாக வந்தபோது நான் ஏற்கெனவே சென்னைக்கு வந்துவிட்டிருந்தேன்.

எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று ஊர் சொல்லும். எனக்கோ அந்தச் சொல்லின் மீதே கோபம் இருந்தது. சாப்பாட்டைச் சேர்த்து வைத்து அடைத்துவிட்டுப் போவதா தகப்பன்? இதை நான் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அம்மாவின் மௌத்துக்குப் பிறகு அத்தாவை இங்கே அழைத்து வந்தபின்னும், மாத்திரை, சாப்பாடு, தொழுகை நேரம் என்று கடமைகளை மட்டுமே ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தேன். எண்ணிப்பார்த்தால், நானும் அவ்வாறே சேர்த்து வைத்து அடைத்துவிட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

குளவியையும் அத்தாவையும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. குளவிக்கு ஏக்கம் இருப்பதாக நமக்குத் தெரியாது. கடைசிக் குழலை அடைத்தவுடன் அதன் கணக்கு முடிந்தது. கிடங்கில் வேலை பார்த்தவருக்கு முடியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள் என்பதை 40 ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு பூச்சியின் பேச்சுக்கிடையில்தான் நான் அறிந்துகொண்டேன்.

*

இனிச் சன்னலைச் சாத்தலாமே என்றேன். "பிள்ளைங்க வெளிய வந்தா போக வழி வேணும்ல" என்றார்கள். ஜூன் மாதம் முழுவதும் அந்தக் கதவு திறந்தே இருந்தது. அத்தா சுபுஹுத் தொழுகை முடித்து, யாசீன் ஓதிவிட்டு, நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள்.

ஜூன் மாத இறுதியில் ஒரு காலை, மண்ணில் ஊசிமுனையளவு துளை விழுந்தது. அது மெல்ல அகன்று ஒரு கறுத்த தலை தெரிந்தது. அத்தா கூப்பிட்ட குரலில் நாங்கள் மூவரும் ஓடினோம். முழுதாக வெளியே வர அதற்கு நெடுநேரம் பிடித்தது. சட்டத்தில் சற்று நின்று, சிறகை நீவிக்கொண்டு, யாரும் சொல்லித்தராத வழியில் பறந்து போயிற்று. அந்த வாரத்தில் மேலும் இரண்டு வந்தன. நான்காம் துளையிலிருந்து வந்தது மண்குளவி அன்று. பச்சையும் நீலமுமாய் உலோகம்போல் மின்னிய வேறொன்று. குயிலைப் போலப் பிறர் கூட்டில் முட்டையிடும் குளவியினம் அது. தாய்க்குளவி இல்லாத வேளையில் உள்ளே நுழைந்திருக்கிறது. அதன் புழு, வீட்டுக்குரிய புழுவையே உண்டு வளரும். வேட்டைக்காரிக்கும் ஒரு வேட்டைக்காரர் உண்டு. ஐந்தாம் குழல் கடைசிவரை திறக்கவேயில்லை.

அத்தா எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதினார்கள்: மூன்று வந்தது, ஒன்று வேறு, ஒன்று இல்லை.

"எதுக்கு அத்தா இவ்வளவு நாள் காத்திருந்தீங்க?" என்றேன்.

"பெத்தவ பார்க்கலைன்னாலும் யாராச்சும் ஒருத்தர் பார்க்கணும்ல தாயி."

அன்று லுஹருக்குப் பிறகு எங்கள் அறையில் அத்தாவின் அருகே அமர்ந்து, வாழ்வில் முதன்முறையாகக் கேட்டேன்: அங்கே என்ன சாப்பிட்டீர்கள்? யார் சமைத்தது? காய்ச்சல் வந்தால் யார் பார்த்தார்கள்? அத்தா சற்றுத் தயங்கினார்கள். பின்பு, இரவெல்லாம் குப்பூஸும் தயிரும் என்று தொடங்கினார்கள். அஸர் பாங்கு சொல்லும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பத்தாம் வகுப்பில் எடுத்த மதிப்பெண்கள் பாடவாரியாக அவர்களுக்கு இன்னும் நினைவிருந்தது.

நமக்கு வரும் ரிஸ்க் எந்தக் கை வழியாக வந்தது, அந்தக் கை எதையெல்லாம் பார்க்காமல் இழந்தது என்பதை நாம் திரும்பிப் பார்ப்பதும் ஷுக்ரின் ஒரு பகுதி என்றே இப்போது நினைக்கிறேன். குளவிக்குஞ்சால் அது முடியாது. அது வெளியே வரும்போது தாய் போய்விட்டிருக்கும். நம்மில் பலருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

காலிக் கூடு இன்னும் சன்னல் மூலையில்தான் இருக்கிறது. சுரண்டிவிடச் சொல்லி இப்போது யாரும் கேட்பதில்லை.

அல்லாஹ் மிக அறிந்தவன்.